பச்சோந்திக்கு ஒரு கூடு

சொன்ன சொல்லைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்பவனைப் பச்சோந்தி என்று ஏசுவது நம்மவர் வழக்கம். தேர்தல் வந்துவிட்டால் இச்சொல் அடிபடாத மேடை இல்லை. ஆனால் ஏசுகிறவர்களுள் அப்பிராணியை அருகிருந்து கண்டவர்கள் மிகச் சிலரே ஆவர். உண்மையில் அது பிறரை ஏய்ப்பதற்காக நிறம் மாறுவதன்று. வெயில், குளிர், அச்சம், சினம், துணை நாடும் வேட்கை ஆகியவற்றுக்கேற்பவே அதன் நிறம் மாறுகிறது. மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி வகை ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழக அறிஞர்கள், தோலினுள் அமைந்த நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடுவதாலும் குறைவதாலும் இந்நிறமாற்றம் நிகழ்கிறது என்று 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே தன் உள்ளத்தில் இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணி என்று அதனைச் சொல்வதே பொருந்தும்.

ஊரை விட்டு வந்து மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதனால் ஆவதென்ன என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. ஊரில் ஆட்டுக்குட்டியும் கோழியும் கன்றும் குழந்தைகளுக்குத் தோழர்களாக இருந்தன. இங்கோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முற்றம் என்று சொல்லிக்கொள்வது நான்கு முழம். ஆகவே நம் பிள்ளைகள் தொட்டியிலும் கூட்டிலும் அடங்கக்கூடிய உயிர்களையே நாடுகிறார்கள். முதலில் வண்ணமீன், அடுத்து லவ் பேர்ட்ஸ், இப்பொழுது பச்சோந்தி. கைப்பேசியில் படம் பார்த்து ஆசை கொள்வதும், பெற்றோரை நச்சரிப்பதும், பெற்றோர் விழிப்பதும் பல வீடுகளில் நடக்கின்றன. நம் தமக்கை வீட்டில் அது நடந்தபோது நாம் உடனிருந்து கண்டவற்றை இங்கு எழுதினால், அடுத்த வீட்டாருக்கு உதவும் என்று கருதுகிறோம்.

தமக்கையின் மகன் பதினோராம் வகுப்பில் பயில்பவன். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. சென்ற சித்திரையில், ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்று வாங்கப்போவதாகவும் அதற்கு நல்ல வலைக்கூடு வேண்டுமென்றும் அறிவித்தான். அக்காள் கேட்டவுடன், "வேலியோடு போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்களா?" என்றாள். அதற்கு உணவாக வெட்டுக்கிளியும் பிள்ளைப்பூச்சியும் கரப்பானும் வளர்க்க வேண்டும் என்று பையன் விளக்கியதும், "விலை கொடுத்துக் கரப்பான் வாங்குகிற காலமும் வந்ததா!" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தான் மட்டும் மறுப்பும் சொல்லாமல் இசைவும் சொல்லாமல் நம்மிடம் திரும்பி, "மாப்பிள்ளை, கூட்டைப் பற்றி நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார்.

நம்மைக் கேட்டதற்குக் காரணம், நாம் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பது. மூங்கிற்கூடை, மரப்பெட்டி, கம்பிக்கூண்டு எனப் பலவும் நம் பார்வையில் வந்து போகின்றன. அவற்றைக் கண்டு நாம் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கூடு உடைந்தால் பெரும்பாலும் கம்பியில் உடைவதில்லை, மூட்டில் உடைகிறது. கம்பியும் சட்டமும் சேருமிடம், கதவும் கீலும் சேருமிடம், தாழ்ப்பாளும் திருகாணியும் சேருமிடம் ஆகிய இவையே முதலில் விட்டுக்கொடுக்கின்றன. இந்த ஓர் அறிவை வைத்துக்கொண்டே நாம் இவ்வேலையில் இறங்கினோம்.

கூட்டைப் பற்றிச் சொல்லுமுன் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப்புறத்து வேலிகளிலும் கருவேல மரங்களிலும் காணப்படும் பச்சோந்தி இந்நாட்டுக்கே உரிய வன உயிர். வால் உட்பட ஏறத்தாழ ஓரடிக்குச் சற்றே மேற்பட்ட நீளம் வளரும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். பச்சைக்கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம் பொருந்தும். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவில் துளையிட்டு அதைக் கொண்டுவர நினைப்பதுண்டு. பெற்றோர் வண்டி ஏறுமுன்பே தடுத்துவிட வேண்டும். அதற்கு எவ்வளவு உறுதியான கூடு செய்தாலும் அது குற்றத்துக்குச் செய்த கூடே ஆகும். இங்கு மலையாளத்தார் ஓந்து என்று சொல்வது பெரும்பாலும் நாம் ஓணான் என்று சொல்லும் பிராணியையே. பெயர் ஒலிப்பு ஒத்திருப்பதால் நம் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓணானும் வேலிக்கு உரியதே, வீட்டுக்கு உரியதன்று.

அயல்நாட்டுப் பச்சோந்தியின் நிலை வேறு. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1973-இல் வாஷிங்டனில் உருவாயிற்று. இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. தலையில் கோபுரம்போன்ற முகடு உடைய ஏமன் நாட்டுப் பச்சோந்தி அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. நமது சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையத்தளத்தின் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்யவேண்டும். குட்டி பிறந்தாலும், பிராணி இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் அறிவிக்கவேண்டும். ஆகவே விற்பவர் பதிவுச் சான்று தரவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை. பையன் கைப்பேசியில் பேசிய முதல் வியாபாரி சான்று பற்றிக் கேட்டவுடன் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அதுவே ஒரு பாடமாயிற்று.

நிற்க. இனிக் கூட்டுக்கு வருவோம். ஏமன் நாட்டு ஆண் பச்சோந்தி வால் உட்பட ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை வளரக்கூடியது. அதன் பாதங்களைப் பார்த்தாலே அது எங்கு வாழ்வதற்கு அமைந்தது என்பது விளங்கும். ஐந்து விரல்களும் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடுபோல் ஆகியுள்ளன. வாலும் ஐந்தாம் கைபோல் கிளையைச் சுற்றிக்கொள்ளும். தரையில் நடப்பதற்கன்று, கிளையைப் பற்றி ஏறுவதற்கே இவ்வமைப்பு. எனவே பச்சோந்திக்கு நீளமான கூட்டினும் உயரமான கூடே வேண்டும். நன்கு வளர்ந்த ஒன்றுக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரம் என்பது வளர்ப்போர் பலரும் ஏற்றுக்கொண்ட அளவு. இவ்வளவு இடம் வீட்டில் இல்லையெனில் எண்ணத்தையே விட்டுவிடலாம். ஒரு கூட்டில் ஒன்றுதான் வைக்கவேண்டும். மற்றொரு பச்சோந்தியைக் கண்டாலே அது சினந்து கருத்துப்போகும். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலும் அவ்வாறே.

மீன்தொட்டிபோன்ற கண்ணாடிப் பெட்டியையே பல கடைகளில் காட்டுகிறார்கள். குளிர்நாடுகளில் வெப்பத்தைத் தேக்கிவைக்க அது பயன்படக்கூடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை படரும். பிராணியின் நுரையீரலும் கெடும். மேலும், எலும்பு உறுதிக்கு வேண்டிய புறஊதாக் கதிர் கண்ணாடியை ஊடுருவி வாராது. சன்னல் கண்ணாடி வழியாக எவ்வளவு வெயில் விழுந்தாலும் அக்குறை தீராது. ஆகவே இவ்வூருக்கு வலைக்கூடே ஏற்றது.

எந்த வலை என்பதுதான் அடுத்த வினா. வலையைப் பற்றிக் கொச்சிவாசிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; இவ்வூர்க் கொசு நமக்கு நல்லாசிரியன். சன்னலுக்கு வலை அடிக்காத வீடு இங்கு அரிது. ஆயினும் கொசுவுக்கு ஏற்ற வலை பச்சோந்திக்கு ஏற்றதாகாது. சன்னலுக்கு அடிக்கும் நைலான், கண்ணாடியிழை வலைகளை அதன் கூரிய நகம் சில மாதங்களில் பிரித்துவிடும். உணவாக விடும் பூச்சியே கடித்துத் துளைத்துவிடும். மட்டாஞ்சேரிக் கிடங்குத் தெருக்களின் எலிகளுக்கோ ஓரிரவே போதும். மெல்லிய அலுமினிய வலையில் கண்கள் மிகச் சிறியவை. பச்சோந்தி வலையைப் பற்றி ஏறும்போது நகம் சிக்கிப் பிய்ந்துபோகும். கோழிக்கூண்டுக்குப் போடும் பெரிய கண் வலையிலோ பூச்சிகள் வெளியேறும். எலிக்குஞ்சு உள்ளே நுழையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கால் அங்குலச் சதுரக் கண்ணே தக்கது. கம்பிகள் முறுக்கி விடப்பட்டவையாக இல்லாமல், சேருமிடந்தோறும் பற்றவைக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

வலை எந்த உலோகத்தால் ஆனது என்பதைக் கடற்காற்றே முடிவு செய்கிறது. நாமும் பையனும் ஒரு ஞாயிறு நீங்கலாக மூன்று நாள் மாலையில் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து எர்ணாகுளத்து இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஜி.ஐ. என்று வழங்கும் துத்தநாகப் பூச்சுக் கம்பிவலை மலிவானது. வெட்டிய முனைகளில் பூச்சு இல்லாமையால் உப்புக்காற்றில் அம்முனைகளே முதலில் துருப்பிடிக்கும். அன்றியும், பச்சோந்தி கிண்ணத்தில் நீர் பருகுவதில்லை. இலையிலும் சுவரிலும் வழியும் துளிகளை நக்கிக் குடிக்கும் இயல்புடையது. துருவும் துத்தநாகமும் கலந்து வழியும் நீரை அதன் நாவுக்குக் கொடுப்பது நன்றன்று. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவலை நகத்துக்கு மென்மையானது. உறை எங்காவது பிளந்தால் உள்ளே துரு மறைந்து வளரும். எவர்சில்வர் வலைதான் மிஞ்சியது. அதிலும் இருவகை உண்டு. 304 என்னும் வகையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உள்ளன. 316 என்னும் வகையில் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். வீட்டுத் தாழ்வாரத்துக்கு முதல் வகை போதும் என்று முடிவு செய்தோம்.

சட்டத்துக்கு மரமா, அலுமினியமா என்பதில் நமக்கும் பையனுக்கும் சிறு வாதம் நிகழ்ந்தது. அலுமினியத்தை எவர்சில்வர்க் கம்பி தொட்டுக்கொண்டு உப்பீரத்தில் கிடந்தால் அலுமினியமே அரிக்கப்படும். ஆகவே மரம் என்றோம். இந்நாட்டார் ஆஞ்ஞிலி என்றும் குமரி மாவட்டத்தார் அயினி என்றும் சொல்லும் மரம் வள்ளம் கட்டுவதற்குப் பெயர்பெற்றது, நீருக்கு அஞ்சாது. பழைய கதவொன்றின் சட்டங்கள் கிடைத்தமையால் செலவும் குறைந்தது. அடித்தட்டுக்கு ஒட்டுப்பலகை வேண்டாம், அது நீர்பட்டு உப்பிவிடும் என்று கூறிப் பி.வி.சி. பலகையைச் சாய்வாக அமைத்து, மூலையில் ஒரு துளையும் கீழே வாளியும் வைத்தோம். நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டிய கூட்டில் வடிகால் இல்லையெனில் அது கூடன்று, சேற்றுக்குழியே.

நம் பாட்டிமார் வீடுகளில் வலைக்கதவு போட்ட பால் அலமாரி இருந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். அதன் நான்கு கால்களும் நீர் நிறைந்த கிண்ணங்களில் நிற்கும், எறும்பு ஏறாது. பச்சோந்திக் கூட்டுக்கும் அம்முறையே ஏற்றது. உறங்கும் பிராணியை எறும்பு மொய்த்தால் அதனால் தப்ப இயலாது. இக்காலத்தில் நீரை அப்படியே விட்டால் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சலை நாமே வீட்டுக்கு அழைத்ததாகும். வாரம் இருமுறை கிண்ணங்களைக் கழுவி நீர் மாற்றவேண்டும் என்று பையனின் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்தோம்.

கூட்டை உயரமான மேடைமேல் வைத்து, உச்சிக்கிளை மனிதரின் கண்மட்டத்துக்கு மேலிருக்குமாறு செய்யவேண்டும். தாழ்ந்த இடத்தில் இருந்தால், மேலிருந்து குனிந்து பார்க்கும் நம்மைப் பருந்தென்றே அது எண்ணி அஞ்சும். பின்புறத்தையும் ஒரு பக்கத்தையும் பலகையால் மூடிவிட்டால் ஒதுங்க இடமுண்டு, சாரலும் அடியாது. வெப்பவிளக்கை வலையின்மேல் ஒட்டி வைத்தல் தீது. மேல்வலையில் தலைகீழாகத் தொங்கும் பச்சோந்தி, முதுகு வெந்தாலும் விரைவில் உணர்ந்து விலகுவதில்லை. அரை அடியேனும் உயர்த்தி வைத்தல் வேண்டும். உள்ளே செம்பருத்திச் செடி நலம். அரளியும் எருக்கும் கூடவே கூடா.

வைகாசியில் கூடு முடிந்தது. பையன் சேர்த்த பணத்தில் பாதிக்குமேல் அதுவே விழுங்கிவிட்டது. இனிப் பிராணியை வாங்கலாம் என்று அவன் துடித்தான். அப்பொழுதுதான் அத்தான் வாய் திறந்தார். "மழை வரட்டும். ஒரு மழைக்காலம் கூடு வெறுமையாக நிற்கட்டும். உள்ளே பச்சோந்தி இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, செய்யவேண்டிய வேலையை எல்லாம் செய். கூடும் தேறவேண்டும், நீயும் தேறவேண்டும்" என்றார். பையன் முகம் வாடிற்று. ஆயினும் எதிர்த்துப் பேசவில்லை. அக்காள்தான், "ஊரார் சிரிப்பார்கள்" என்றாள். அவள் சொன்னதும் நடந்தது. தாழ்வாரத்தில் நான்கடி உயரத்துக்கு நின்ற அந்தக் கூட்டைக் கண்டு, அண்டை வீட்டு அம்மாள் நாள்தோறும் "கிளி எவிடே?" என்று கேட்டுவிட்டே பூக்காரியை அழைப்பார்.

இடவப்பாதி மழை தொடங்கியது. ஆனி முழுதும் கூட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆடி பிறந்ததும் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. கீல்களின் கீழே பழுப்பு நிறத்தில் இரண்டு கோடுகள் வழிந்திருந்தன. தச்சர் எவர்சில்வர்த் திருகாணி தீர்ந்துபோக, நான்கு இடத்தில் சாதாரண இரும்புத் திருகாணியைப் போட்டிருந்தார். வலை பளபளவென்று இருக்க, கதவு மட்டும் தளர ஆரம்பித்தது. பார்சல் அலுவலகத்தில் கண்ட அதே செய்தி: மூட்டு. இரண்டாவது, மரம் ஈரம் குடித்து ஊதியதால் கதவு சட்டத்தில் இடித்தது. அழுத்தி மூடினாலும் கொண்டி சரியாக விழவில்லை. கீல்களையும் திருகாணிகளையும் பித்தளையாக மாற்றி, கதவின் விளிம்பை இழைத்து, மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் வைத்தோம். உள்ளே உயிர் இருந்திருந்தால் இவற்றைச் செய்ய அதனை எங்கே வைத்திருப்போம்? வெறுங்கூடாக இருந்தமையால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிந்தது.

மூடாத கதவு சிறிய குறையன்று என்பதை உலகம் அறியும். 1972-ஆம் ஆண்டில் கென்யாவிலிருந்து ஹவாய்த் தீவுக்கு விற்பனைக்காகக் கொண்டுவரப்பட்ட மூன்று கொம்புப் பச்சோந்திகள் வெளியே விடப்பட்டு, அத்தீவுகளில் பெருகின. அங்கு மட்டுமே வாழும் பூச்சிகளையும் நத்தைகளையும் அவை தின்றுவருகின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் ஏமன் நாட்டுப் பச்சோந்தியே காட்டுயிராகிவிட்டது. நம் நாட்டிலும் மீன்தொட்டியிலிருந்து தப்பிய அயல்மீன்கள் ஆறுகளில் பரவியுள்ளதை நாம் அறிவோம். தப்பிய பச்சோந்தி பூனைக்கு இரையானால் அந்த ஓர் உயிருக்குக் கேடு. பிழைத்துப் பெருகினாலோ இந்நாட்டு உயிர்கள் பலவற்றுக்கும் கேடு. தாழ்ப்பாள் அதனாலேயே இரண்டு வேண்டும்.

ஆகஸ்டு முடிந்ததும் பையன் தன் குறிப்பேட்டைத் தானே கொண்டுவந்து அத்தான் முன் வைத்தான். ஜூன் முதல் நாள் தொடங்கி 92 நாள். காலையும் மாலையும் நீர் தெளித்தது, வாளி கொட்டியது, கிண்ணம் கழுவியது எல்லாம் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன. மின்சாரம் நின்று விளக்கெரியாத மாலைகள் ஒன்பது. அவற்றுக்கு அவன் பொறுப்பல்லன். ஆனால் 11 நாள்களுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. ஏழு நாள் பள்ளித் தேர்வு. நான்கு நாள் ஊரில் அம்மன் கோவில் கொடைக்குக் குடும்பத்தோடு சென்றது. இட்டு நிரப்பியிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. அவன் நிரப்பவில்லை.

"மாமா, உயிர் இருந்திருந்தால் இந்தப் பதினொரு நாளில் என்ன ஆகியிருக்கும்?" என்று நம்மைக் கேட்டான். தாகத்தால் கண் குழிவிழும் என்பதும், உணவின்றிச் சில நாள் தாங்கினாலும் நீரின்றித் தாங்குவது கடினம் என்பதும் நூல்கள் வாயிலாக நாம் அறிந்தவை. அதைச் சொன்னோம். அவன் தலை குனிந்து நின்றான். அத்தான் கடிந்துகொள்ளவில்லை. "பச்சோந்தி ஐந்து முதல் எட்டு ஆண்டு இருக்கும் என்கிறாய். இன்னும் இரண்டு ஆண்டில் நீ கல்லூரிக்கு எந்த ஊர் போவாயோ! நாமோ ஆண்டுக்கு இருமுறை ஊர் போகாமல் இருக்கப்போவதில்லை. அந்நாளில் கூட்டுக்கு யார் நீர் தெளிப்பார் என்பதற்கு விடை கண்டுபிடித்துக்கொண்டு வா" என்றார். சொந்த ஊருக்கும் பிழைக்கும் ஊருக்கும் இடையே வண்டியேறிக் கொண்டிருக்கும் நம் குடும்பங்கள் யாவும் இவ்வினாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் எண்ணம். வாடகை வீட்டை மாற்றும்போது நான்கடிக் கூடு நுழையும் வாயில் புது வீட்டில் உண்டா என்பதும் அதனைச் சேர்ந்ததே.

துலாவர்ஷம் முடியும்வரை மீண்டும் எண்ணிப்பார்க்கிறேன் என்று பையன் தானாகவே கேட்டுக்கொண்டான். ஊர் போகும் நாள்களுக்கு, "கிளி எவிடே?" என்று கேட்ட அந்த அம்மாளின் மகளிடமே நீர் தெளிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அம்மாள் இப்பொழுது அவ்வாறு கேட்பதில்லை, "செம்பருத்தி பூத்திருக்கிறதே, இரண்டு தரலாமா?" என்று கேட்கிறார். அக்காளும் பூசைக்குக் கூட்டிலிருந்தே பூப்பறிக்கிறாள். சென்ற வாரம் வேலியிலிருந்து ஓணான் ஒன்று ஏறிவந்து கூட்டின் உச்சியில், வலைக்கு வெளியே, தலையசைத்துக்கொண்டு வெயில் காய்ந்தது. பையன் அரை மணி நேரம் அசையாமல் நின்று அதனைப் பார்த்தான். பச்சோந்தி வரும் வராது என்று நாம் இப்பொழுது சொல்வதற்கில்லை. வந்தால் அதற்குத் தாங்குகின்ற கூடு உண்டு. சான்றுள்ள வியாபாரியிடமிருந்தே வரும். வராவிட்டால் செம்பருத்திக்குக் குறைவில்லை.

பிள்ளைகளின் ஆசையை ஒரேயடியாகத் தடுப்பதும் வேண்டாம். கேட்டவுடன் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். கூட்டை முதலில் செய்யச் சொல்லுங்கள். அது ஒரு மழையைக் காணட்டும். பிள்ளையின் கையும் ஒரு மழைக்காலம் பழகட்டும். பிறகு உயிரைப் பற்றிப் பேசலாம். கூட்டின் அளவையும் மரம், வலை, கீல் ஆகியவற்றின் கணக்கையும் பையன் தெளிவாகப் படம் வரைந்து வைத்திருக்கிறான். வேண்டுவோர் அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தின்போது நம்மிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். குறிப்பேட்டையும் உடன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். எழுதப்படாத அந்தப் பதினொரு நாள்களையும் பார்த்துவிட்டுப் படத்தைக் கேட்பது நலம்.